கொலிஸ்டினுக்குத் தடை ஏன்?
கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் ‘கொலிஸ்டின்’ மருந்தை மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. ஏன் தெரியுமா? வேறு எதற்கும் நோய் கட்டுப்படாதபோது மனிதர்களுக்குக் கடைசியாகத் தரும் மருந்து இது. அதைத் தாங்கும் எம்.சி.ஆர்-1 மரபணு சீனப் பன்றிகளின் ஈ.கோலை பாக்டீரியாவில் இருப்பது 2015-ல் வெளியானது. பிளாஸ்மிட் எனும் தனி வளையத்தில் இருப்பதால், வேறு இனப் பாக்டீரியாவுக்கும் அது கைமாறிவிடும்.

கோழி சீக்கிரம் எடை கூடட்டும் என்று இதைத் தீவனத்தில் கலந்தது பெரும் தவறு. தடை சரிதான், ஆனால் வேறொரு ஆன்டிபயாடிக்கைத் தினமும் கலந்தால் அதே கதைதான். தீவன மூட்டை லேபிளைப் படித்து வாங்குங்கள். வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய். அதற்குத் தடுப்பூசிதான், ஆன்டிபயாடிக் பலிக்காது. மற்ற கழிச்சல் என்றால், எந்த மருந்து கேட்கும் என்று ஆய்வகத்தில் பார்த்து, கால்நடை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுங்கள்.