சிறுவாட்டைக் கைவிட்டோம்

மாதம் பாதி தாண்டுவதற்குள் கணக்கில் பணம் வற்றிப்போவதற்கு விலைவாசியைக் காரணம் சொல்லிப் பழகிவிட்டோம். விலைவாசி ஏறியிருப்பது பொய்யல்ல. ஆனால் வங்கிக் கணக்கறிக்கையை வரி வரியாகப் படித்தால் வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணத்துக்கு நடுவே 149, 299, 499 என்று போன தொகைகள் கண்ணில் படும். பலவும் எதற்கென்று நினைவில்லாதவை. அந்த அறிக்கையை நாம் திறந்தே பார்ப்பதில்லை.

நம் வீடுகளில் சேமிப்பு மன உறுதியை மட்டும் நம்பி நடந்ததில்லை. பணத்தைக் கைக்கு எட்டாதபடி வைத்தார்கள், அவ்வளவுதான். அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சிறுவாடு கிடந்தது. சம்பளம் வந்ததும் சீட்டுக்குத்தான் முதலில் பணம் போனது. பள்ளியில் சஞ்சாயிகா சேமிப்புத் திட்டத்துக்குச் சில்லறை கட்டினோம். புதுத்துணி என்றால் தீபாவளிக்கோ பொங்கலுக்கோதான். அதுவும் வீட்டில் நாள்கணக்கில் பேசிய பிறகு. அந்தப் பேச்சிலேயே பல ஆசைகள் அடங்கிவிடும். ஆசைப்படுவதற்கும் வாங்குவதற்கும் நடுவே இருந்த அந்த அவகாசத்தை நாம் காப்பாற்றவில்லை.

2016இல் யுபிஐ வந்தது. பூக்கடை அம்மாவுக்கும் உதவுகிற வசதி அது. அதைப் பழிப்பது நன்றிகெட்டதனம். ஆனால் நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது வருகிற தயக்கம் போனதே, அதற்கு ஈடாக எதை வைத்துக்கொண்டோம்? அட்டைகளுக்கு நாமே செலவு வரம்பு வைத்துக்கொள்ளும் வசதியை 2020இல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. நம்மில் பெரும்பாலோர் அந்தப் பக்கமே போகவில்லை. 'இன்னும் இரண்டுதான் மீதம்' என்று பொய்யாக அவசரப்படுத்துவது உட்பட 13 வகை இணைய வணிகத் தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடைசெய்தது. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். நாமோ அவசரப்பட்டு வாங்கிவிட்டு அடுத்த தள்ளுபடிக்குக் காத்திருந்தோம்.

எல்லாவற்றிலும் கொடியது, கடன் அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தது. 20,000 ரூபாய் நிலுவை, மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 700, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 126. நிலுவையில் 5 சதவீதமாக நாம் கட்டும் 1,000 ரூபாயில் அசலுக்குப் போய்ச் சேருவது வெறும் 174. இதைப் போட்டுப் பார்க்க ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும். வட்டியில்லாத் தவணை என்ற ஆசைகாட்டலும் இப்படித்தான். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிவிட்டது. படித்தவர்கள் நாம், கேட்கவில்லை.

இதில் பிள்ளைகளுக்குச் செய்த அநியாயம் என்னை மிகவும் உறுத்துகிறது. வாசலுக்குப் பெட்டி வருவதை அவர்கள் பார்க்கிறார்கள். பணம் போவதைப் பார்ப்பதில்லை. வீட்டுக் கணக்கை அவர்கள் எதிரே பேசக் கூடாது என்று நாமே முடிவுகட்டினோம். அவர்களிடம் மட்டுமா, அட்டைக் கடனைக் கணவன் மனைவியிடமும் மனைவி கணவனிடமும் மறைக்கும் வீடுகள் நம்மில் உண்டு.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. சம்பளத்தன்றே சேமிப்பு வேறு கணக்குக்குப் போகட்டும். கடைச் செயலிகளில் சேமித்துவைத்த அட்டை எண்ணை அழிப்போம். அவசரமில்லாத பொருளைத் தாளில் எழுதிவைத்து, ஒரு வாரம் கழித்து வீட்டில் எல்லோரையும் கேட்டு வாங்குவோம். அட்டைக் கடன் இருப்பவர்கள் மட்டும் கைச்செலவுக்குக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு முதலில் அதை அடைக்க வேண்டும். ஆண்டுக்கு 42 சதவீதம் வட்டி ஓடும்போது, 7 சதவீதம் தரும் வைப்புநிதியில் பணம் போட்டுப் பயனில்லை.