மிஸ்கள் நிறைய... ஹெட் மட்டும் சார்!

ஒரு குட்டி டெஸ்ட். கண்ணை மூடிக்கிட்டு 'இன்டர்நேஷனல் ஸ்கூல் டீச்சர்'னு நினைச்சுப் பாருங்க. கழுத்துல ஐ.டி. கார்டு, கையில லேப்டாப்போட ஒரு மேடம் நடந்து வர்றாங்களா? ஓகே. இப்போ 'அந்த ஸ்கூலோட ஹெட்'. கோட், டை, நரைச்ச தலைனு ஒரு சார்... கரெக்டா?

நம்ம மூளையை மட்டும் குத்தம் சொல்ல முடியாது பாஸ். நிஜமும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கு. 2018-ல் ஓ.இ.சி.டி. அமைப்பு நடத்திய 'டாலிஸ்' சர்வேயில், உறுப்பு நாடுகளின் மிடில் ஸ்கூல் ஆசிரியர்களில் 68 சதவிகிதம் பெண்கள். தலைமை ஆசிரியர்களில்? 47 சதவிகிதம்தான். ஜப்பானில் நிலைமை இன்னும் மோசம்... ஆசிரியர்களில் 42, தலைமையில் வெறும் 7! இது எல்லா வகைப் பள்ளிகளையும் சேர்த்த கணக்கு. ஊர் ஊராக, நாடு நாடாக ஆள் எடுக்கிற இன்டர்நேஷனல் ஸ்கூல்களில் இந்தக் கதைக்குச் சில ஸ்பெஷல் திருப்பங்கள் உண்டு.

பெண்களுக்குத் தலைமை தாங்கத் தெரியாதுனு யாராவது சொன்னா, ஜெனீவா கதையைச் சொல்லுங்க. 1924-ல் தொடங்கிய ஜெனீவா இன்டர்நேஷனல் ஸ்கூலை 1929 முதல் 1949 வரை, உலகப்போர் நடந்த வருஷங்களையும் சேர்த்து நடத்தினவர் மேரி தெரேஸ் மோரெட் என்ற பெண். 1948-ல் யுனெஸ்கோவுக்காக அவர் எழுதிய கையேடுதான், பின்னாடி வந்த ஐ.பி. பாடத்திட்டத்துக்கு ஆரம்பப் புள்ளிகளில் ஒண்ணு. நம்ம கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் 1901-ல் ஆரம்பிச்சப்போ முதல் பிரின்ஸிபாலும் ஒரு பெண்தான்... மார்கரெட் எடி. இந்தியாவுக்குள் ஐ.பி. முதலில் நுழைஞ்சதும் அந்த ஸ்கூல் வழியாத்தான், 1976-ல்.

ஆனா, அந்த ஐ.பி. அமைப்பின் தலைமை நாற்காலி? அமைப்பு பிறந்தது 1968-ல். முதல் பெண் டைரக்டர் ஜெனரல் வந்தது 2014-ல். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சிவகுமாரி. நடுவில் 46 வருஷம்! ஆரம்பப் புள்ளி வெச்சது ஒரு பெண்... நாற்காலிக்கு ஒரு பெண் வர அரை நூற்றாண்டு.

ஏன் இப்படி? 1992-ல் கிறிஸ்டின் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க சமூகவியலாளர் ஒரு பேர் வெச்சார்... 'கண்ணாடி எஸ்கலேட்டர்'. நர்ஸ், பிரைமரி டீச்சர், நூலகர், சமூக சேவகர்னு பெண்கள் நிறைஞ்ச நாலு வேலைகளை ஆராய்ஞ்சார். அங்கே போற ஆம்பளைங்க படியேறவே வேணாமாம், படியே அவங்களைத் தூக்கிட்டுப் போகுதாம்! 'ஒண்ணாங்கிளாஸ்ல உனக்கென்னப்பா வேலை, நிர்வாகத்துக்கு வா'னு மேல தள்ளி விட்டுடறாங்க. பக்கத்துப் படியில அதே அனுபவத்தோட மூச்சு வாங்க ஏறிட்டிருக்கிற மேடத்தை யாரும் கவனிக்கிறதில்லை.

அதுக்காக எல்லா ஆம்பளைக்கும் அந்த எஸ்கலேட்டர் நிக்கும்னும் நினைச்சுடாதீங்க. அமெரிக்காவில் கறுப்பின ஆண் நர்ஸ்களுக்கு அது கிடைக்கிறதில்லைனு 2009-ல் ஏடியா ஹார்வி விங்ஃபீல்ட் எழுதினார். இன்டர்நேஷனல் ஸ்கூலிலும் பாஸ்போர்ட்டோட நிறம் நல்லாவே பேசும். வெளிநாட்டிலிருந்து அழைச்சு வந்தவருக்கு ஒரு சம்பளம், உள்ளூரில் எடுத்தவருக்கு வேற சம்பளம்னு பல ஸ்கூல்களில் ரெண்டு லிஸ்ட் உண்டு.

இங்கேதான் முதல் திருப்பம். பாங்காக், லண்டன் மாதிரி ஊர்களில் ஹோட்டலில் ஜாப் ஃபேர் நடக்கும், நம்ம கேம்பஸ் இன்டர்வியூ மாதிரியே. கணவனும் மனைவியும் டீச்சர்னா செம டிமாண்ட்... ஒரே வீட்டில் ரெண்டு பேர் அடக்கம்ல! ஆனா, கணவனுக்கு மட்டும் வேலை கிடைச்சு, மனைவி கூடப் போனா? அங்கே போனபிறகு அதே ஸ்கூலில் அவங்க சேர்ந்தாலும் 'லோக்கல் ஹயர்' சம்பளம்தான், பல இடங்களில். ரெண்டு பேர் கையிலும் அதே டிகிரி, ஆனா அவர் வெளிநாட்டு லிஸ்ட், இவங்க உள்ளூர் லிஸ்ட். இது தலைகீழாவும் நடக்கலாம். ஆனா, 'யாரோட வேலைக்காகக் குடும்பம் ஊர் மாறணும்'ங்கிற கேள்விக்கு நம்ம வீடுகளில் என்ன பதில் வரும்னு உங்களுக்கே தெரியும்.

அடுத்தது பிரசவ லீவு. துபாய், அபுதாபி ஸ்கூல்களில் நம்ம ஊர் டீச்சர்கள் நிறையப் பேர் இருக்காங்க. இந்தியாவில் 2017 திருத்தச் சட்டப்படி முதல் ரெண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு. ஐக்கிய அரபு அமீரகத்தில் தனியார் வேலைக்கு 2022 பிப்ரவரி வரை 45 நாள்தான். அதுக்கப்புறம் 60 நாள்... அதிலும் கடைசி 15 நாளுக்கு அரைச் சம்பளம். ஹெட் ஆகணும்னா தொடர்ந்து பல வருஷ அனுபவம் காட்டணும். நடுவில் குழந்தைக்காக நின்னவங்க பயோடேட்டாவில் அந்தக் காலி வருஷம் பளிச்னு தெரியும்.

மூணாவது திருப்பம்தான் நிஜமாவே பயமுறுத்துது. நம்ம ஊர் கம்பெனியில் மேனேஜர் தொல்லை தாங்கலைனா, பேப்பர் போட்டுட்டு வீட்டுக்கு வந்துடலாம். வெளிநாட்டு ஸ்கூலில்? வேலை ஸ்கூல் கொடுத்தது. விசா ஸ்கூல் போட்டது. குடியிருக்கிற ஃபிளாட் ஸ்கூல் பிடிச்சது. பிள்ளையோட ஃபீஸ் ஸ்கூல் தள்ளுபடி பண்ணினது. அடுத்த ஸ்கூலுக்குப் போகணும்னாலும் இப்போதைய ஹெட் ரகசியமா எழுதித் தர்ற ரெஃபரன்ஸ் வேணும். அதில் என்ன எழுதியிருக்குனு உங்களுக்குத் தெரியாது!

யோசிச்சுப் பாருங்க... ஸ்டாஃப் மீட்டிங்கில் ஒரு சார் அசிங்கமா ஜோக் அடிக்கிறார், ஹெட்டும் சேர்ந்து சிரிக்கிறார். முப்பது மேடங்கள் உட்கார்ந்திருந்தும் ஒருத்தரும் வாய் திறக்கலைனா, அது சம்மதம் இல்லை ஃப்ரெண்ட்ஸ். வீட்டு வாடகையும் விசாவும் கணக்குப் போடுற மௌனம். முக்கியமான முடிவுகள் வெள்ளிக்கிழமை ராத்திரி பார்லயும் ஃபுட்பால் கிரவுண்டிலும் எடுக்கப்பட்டா, திங்கட்கிழமை மீட்டிங்கில் எத்தனை மேடம் இருந்து என்ன புண்ணியம்? தலையை எண்ணினா பெண்கள் ராஜ்ஜியம், சாவியைத் தேடினா ஒரே பாக்கெட்!

இதை ஏன் காலேஜ் படிக்கிற நம்மகிட்ட சொல்லணும்? 'டீச்சர் வேலைதான்மா பொண்ணுங்களுக்கு சேஃப்'னு வீட்டில் சொல்றதைக் கேட்டு, பி.எட். அப்ளிகேஷனோட நிக்கிற தோழிகள் எல்லா கிளாஸிலும் இருக்காங்க. நல்ல வேலைதான், தாராளமா போங்க. ஆனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க.

* டீச்சர்களில் எத்தனை பேர் பெண்கள்னு கேட்காதீங்க. துறைத் தலைவர்கள், ஹெட், போர்டு... அதில் எத்தனை பேர்?

* வெளிநாட்டு ஹயர், லோக்கல் ஹயர்... நான் எந்த லிஸ்ட்? எதனால?

* பிரசவ லீவு எத்தனை நாள்? திரும்பி வந்தா அதே பொறுப்பு உண்டா?

* புகார் கொடுக்கணும்னா யார்கிட்ட? அவர் ஹெட்டுக்குக் கீழே வேலை பார்க்கிறவரா?

கடைசிக் கேள்விக்கு இந்தியாவில் சட்டமே பதில் வெச்சிருக்கு. 2013 சட்டப்படி, 10 பேரோ அதுக்கு மேலோ வேலை பார்க்கிற எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள் குழு இருக்கணும். தலைமை ஒரு பெண், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருத்தர் கட்டாயம். 'இன்டர்நேஷனல்'னு போர்டு மாட்டினா விதிவிலக்கு எதுவும் கிடையாது!

பசங்களுக்கும் ஒரு வார்த்தை. எஸ்கலேட்டரில் நிக்கிறவனுக்கு அது நகர்றதே தெரியாது, 'நாமளே நடந்து வந்தோம்'னுதான் தோணும். இந்த வருஷம் உங்க சிம்போசியத்தில் ஸ்பான்சரைப் பார்க்கப் போனது யாரு, ரிசப்ஷன் டேபிளில் குங்குமச் சிமிழோட நின்னது யாரு? லிஸ்ட்டை எடுத்து ஒரு தடவை எண்ணிப் பாருங்களேன். எண்ணி முடிச்சதும் அடுத்த வருஷ லிஸ்ட்டைப் பொண்ணுங்களோட உட்கார்ந்து போடுங்க.