நம்பி வாங்கு கண்ணு

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் காசிமேட்டு மீன் சந்தைக்குப் போயிருந்தேன். தரையில் சாக்கு விரித்து, சங்கராவைக் கூறு கட்டி வைத்திருந்தார் ஒரு அம்மா. "நல்ல மீனாம்மா?" என்று கேட்டேன். அவர் பதில் பேசவில்லை. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் செவுளைத் தூக்கினார். உள்ளே ரத்தச் சிவப்பு. வயிற்றை அழுத்திக் காட்டினார், பள்ளம் விழவில்லை. மீனின் கண்ணை விளக்கு வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தார். "பாத்துக்கினியா? நம்பி வாங்கு கண்ணு."

முதலில் செவுள், பிறகு 'நம்பி'. இந்த வரிசை ஒரு வாரமாக என் மனதை விட்டுப் போகவில்லை.

நம் பேச்சில் இந்தச் சொல் தனியாக நிற்பது குறைவு. 'நம்பி' என்று வந்து இன்னொரு வேலையைத் தோளில் ஏற்றிக்கொள்ளும். நம்பிக் கைமாத்து கொடுத்தேன், நம்பிப் பிள்ளையை விட்டுட்டுப் போனேன், நம்பிக் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு வழக்கும் உண்டு. 'கடல நம்பித்தான் இருக்கோம்' என்று ஒருவர் சொன்னால், கடல் நல்லது என்று அவர் சான்றிதழ் தரவில்லை. வேறு போக்கிடம் இல்லை என்கிறார். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நான் அதிகம் கேட்டது இந்த இரண்டாவது நம்பிக்கையைத்தான். ஆற்றை நம்பி, ஹார்பரை நம்பி, கம்பெனியை நம்பி. நம்புகிறவர் தன் சோற்றையும் தூக்கத்தையும் அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டார் என்று அர்த்தம்.

தூக்கத்தை என்று காரணத்தோடுதான் எழுதுகிறேன். 2023 டிசம்பர் 26, சுனாமி நினைவு நாள். அன்று நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி எழுந்து, பிள்ளைகளை அள்ளிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது, கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரம்பு இருக்க, 49 மில்லிகிராம் அமோனியா இருந்தது. ஊருக்குள் எந்த எச்சரிக்கையும் வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டித்தான் எழுந்தோம் என்று அங்குள்ளவர்கள் சொன்னார்கள். ஆலையை மூடச் சொல்லிப் பெண்கள் மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தார்கள். உரிய துறைகளின் தடையில்லாச் சான்று வாங்கிய பிறகே ஆலையை மீண்டும் திறக்கலாம் என்று 2024 மே மாதம் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. சான்று காகிதத்தில் வரும். அந்த ராத்திரிக்குப் பிறகு ஜன்னலைத் திறந்துவைத்துப் படுக்கிற தைரியம் எந்தத் துறையிலிருந்து வரும்?

அதற்கு முன்பும் ஒன்று நடந்தது. 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்று துறைமுகம் அறிவித்தது. பிறகு எர்ணாவூர் பாரதியார் நகர்ப் பாறைகளில் கறுப்புக் களியாக எண்ணெய் வந்து ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் நாள்கணக்கில் பக்கெட்டில் அள்ளினார்கள். எண்ணெயைவிட எனக்கு வலித்தது அந்த முதல் அறிவிப்பு. கசிந்திருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அடுத்த முறை அவர்கள் 'பயப்பட ஒன்றுமில்லை' என்னும்போது ஜனங்கள் காது கொடுத்திருப்பார்கள்.

வாக்கு கொடுப்பதற்கென்றே ஒரு இடம் இந்த வட்டாரத்தில் உண்டு. திருவொற்றியூர்க் கோயில் மகிழ மரத்தடி. அங்கே வாக்கு கொடுத்தவர் சுந்தரர். அவருக்கு நம்பி ஆரூரர் என்றும் பெயர். சங்கிலியார் என்ற பெண்ணை மணக்க, உன்னைப் பிரியமாட்டேன் என்று அவர் சத்தியம் செய்ய வேண்டும். சன்னிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீ மகிழ மரத்துக்குப் போய்விடு என்று இறைவனிடமே ஏற்பாடு செய்துகொண்டார். இறைவனோ அதைச் சங்கிலியாரின் கனவில் சொல்லிவிட்டார். மறுநாள், சன்னிதி வேண்டாம், மகிழடியில் செய்தால் போதும் என்று சங்கிலியார் பக்கத்திலிருந்து சொல் வந்தது. வேறு வழியில்லாமல் செய்தார். பிறகு திருவாரூர் நினைப்பில் ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், கண்ணொளி போயிற்று. சேக்கிழார் சொன்ன கதை. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது.

கண் போனதைத்தான் எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். எனக்குச் சங்கிலியார் இடத்தை மாற்றியதுதான் பெரிது. நேசித்தவர்தான், ஆனாலும் ஆளில்லாத சன்னிதியில் செய்யும் சத்தியத்தை அவர் ஏற்கவில்லை. அதை யாரும் சந்தேகப் புத்தி என்று சொன்னதில்லை. எண்ணூர்ப் பெண்கள் 'குழாயில் என்ன போகுது, காத்துல எவ்வளவு இருக்குது, எங்களுக்குப் புரியுற மாரி தெருவுல எழுதிப் போடு' என்று கேட்டால் மட்டும் ஏன் வளர்ச்சிக்கு எதிரி என்று பேர் வருகிறது? அளவு தெருவில் தெரியட்டும். சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியட்டும்.

அமோனியா கசிந்த அதே டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சி.பி.சி.எல். எண்ணெய் சுத்திகரிப்பு வளாகத்திலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வந்தது. படகும் வலையும் கறுத்தன. அந்த நாள்களில் சந்தையில் நானும் நின்றிருக்கிறேன். "எண்ணூர் மீனா?" என்று கேட்டுவிட்டு ஆட்கள் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். கூடைக்கார அக்கா ஒவ்வொருவரிடமும் செவுளைத் தூக்கிக் காட்டினார். சிவப்பாகத்தான் இருந்தது. "நடுக்கடல் மீன்பா, எண்ணெய் அங்க வரலபா" என்றார். நானும் அன்றைக்கு வாங்கவில்லை. பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் அவர் அடுத்த ஆளுக்கு இன்னொரு மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிக்கொண்டிருந்தார்.