விரல்களின் வழக்கு

“எழுத்தாளனுக்குக் கற்பனை போதாதா? விசைப்பலகை எதுவானால் என்ன?” என்று கேட்கிறார்கள். தச்சனிடம் போய், “உளி எதுவானால் என்ன?” என்று கேட்கும் துணிச்சல் இவர்களில் எவருக்காவது உண்டா?

மெக்கானிக்கல் விசைப்பலகை பணக்காரர் பொம்மையாம்! இருப்பதற்குள் மலிவான ஒன்றில் ஒரு மாதம் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சொல்லுகிறேன். சாதாரணப் பலகையில் ரப்பர் குமிழை அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். இதிலோ விசை ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்பிரிங். 4 மில்லிமீட்டர் இறங்கக்கூடிய விசை, ஏறக்குறைய 2 மில்லிமீட்டரிலேயே எழுத்தைத் தந்துவிடுகிறது. ஒரு நாவலுக்கு எத்தனை லட்சம் அழுத்தங்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

டிராக்பால் மௌஸும் அப்படித்தான். மேஜையெங்கும் இழுக்க வேண்டாம். கை ஓரிடத்தில் இருக்க, விரல் பந்தை உருட்டினால் போதும். இது நேற்று முளைத்த நாகரிகமுமல்ல. கனடாக் கடற்படைக்காக 1952-ல் இதைச் செய்த பொறியாளர்கள், பௌலிங் விளையாட்டின் பந்தையே வைத்து உருட்டினார்கள்.

சத்தம் போடுகிறது, வாஸ்தவம். தட்டச்சுப் பொறியின் சத்தத்தை உழைப்பென்று மதித்தவர்களுக்கு இது மட்டும் ஆடம்பரமாகிவிட்டதா?

எழுத்தாளன் கஷ்டப்பட்டால்தான் எழுத்து சிறக்கும் என்கிற பழைய மூடநம்பிக்கைதான் இங்கே பேசுகிறது. மணிக்கட்டு வலியிலிருந்து இலக்கியம் பிறப்பதில்லை ஐயா; தைலச் செலவுதான் பிறக்கிறது!