வழவழப்புத் தாளும் வரிச் சுவரும்

புத்தாண்டு பிறந்தால் நம் வீட்டுச் சுவரில் புதிய நாட்காட்டி ஏறிவிடுகிறது. அதிலுள்ள வண்ணப் படத்தைக் கண்டு மகிழ்கிறோம். அந்தப் படத்தைத் தாங்கி நிற்கும் தாள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

அச்சகத்தார் 'ஆர்ட் பேப்பர்' என்று சொல்லும் பூச்சுத் தாள் அது. சாதாரணத் தாளின் மீது சுண்ணாம்புக்கல் தூளையும் வெண்களிமண்ணையும் பசையோடு குழைத்துப் பூசி, உருளைகளுக்கிடையே அழுத்தி வழவழப்பாக்குகின்றனர். மை உள்ளே ஊறிப் பரவாமல் மேலேயே நிற்பதால் படம் பளிச்சென்று தெரிகிறது. இத்தாளின் இறக்குமதியில் உலகின் சில பகுதிகள் கதவை அடைத்தன, நாம் திறந்தோம். இரண்டையும் ஒப்பிட்டால் நமக்கு ஒரு பாடம் கிடைக்கும் என்பது என் கருத்து.

முதலில் அமெரிக்காவைப் பார்ப்போம். சீனாவின் மானியங்களுக்கு எதிராக ஈடுகட்டும் வரி விதிப்பதில்லை என்ற தன் நெடுநாள் வழக்கத்தை, 2007ஆம் ஆண்டில் இத்தாளுக்காகவே அந்நாட்டு வணிகத் துறை மாற்றிக்கொண்டது. ஆயினும் உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதிப்பு மெய்ப்பிக்கப்படாததால் அவ்வாண்டு வரி நிலைக்கவில்லை. 2010இல் சீனத் தாளின் மீதும் இந்தோனேசியத் தாளின் மீதும் வரி வந்தது. 2011இல் ஐரோப்பிய ஒன்றியமும் சீனத் தாளின் மீது வரி விதித்தது. மானியத்தை எதிர்த்துச் சீனப் பொருளொன்றின் மீது ஒன்றியம் விதித்த முதல் வரி இதுவே.

சுவர் எழுப்பியதால் ஆலைகள் செழித்தனவா? அமெரிக்காவின் மேரிலாந்தில் லூக் ஆலை 2019இல் மூடப்பட்டது. விஸ்கான்சின் ரேப்பிட்ஸ் ஆலை 2020இல் ஓட்டத்தை நிறுத்தியது. பின்லாந்தில் இதழ்த் தாள் செய்த கைப்போலா ஆலை 2020இலும், வெய்ட்சிலுவோட்டோ தாள் ஆலை 2021இலும் மூடப்பட்டன. வெளிநாட்டுத் தாளை வரி தடுத்தது. வாசகர் கைப்பேசித் திரைக்குச் செல்வதைத் தடுக்க எந்த வரியால் முடியும்?

நம் நாட்டின் கதை வேறு. 2009இல் ஆசியான் நாடுகளோடும் தென்கொரியாவோடும் செய்துகொண்ட உடன்பாடுகள் 2010இல் நடைமுறைக்கு வரத் தொடங்கின. அந்நாட்டுத் தாள் மீதான வரி படிப்படியாகக் குறைந்தது. "பிழைக்க முடியவில்லை" என்கின்றனர் ஆலைக்காரர்கள். "வரியைக் கூட்டினால் நாங்கள் பிழைக்க முடியாது" என்கின்றனர் அச்சகத்தார். இதழ்கள் அச்சாகும் எடை குறைந்த பூச்சுத் தாளுக்கு 2019இல் 10 விழுக்காடு வரி போடப்பட்டது. எதிர்ப்பு எழுந்தபின் 2020இல் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆலைத் தொழிலாளிக்காக வாதாடும் நாம், சிவகாசியில் நாட்காட்டியும் லேபிளும் அச்சிடும் தொழிலாளியை மறக்கலாமா? அதே வேளையில், முற்றிலும் பிறரையே நம்பியிருப்பதும் ஆபத்து. 2022இல் பின்லாந்தில் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தால் ஐரோப்பிய அச்சகங்கள் தாளுக்குத் திண்டாடின.

எனவே சிக்கலின் வேர் சுங்கச் சாவடியில் இல்லை; கூழ் தரும் மரத்தில் இருக்கிறது. சுமத்ராவில் ஐந்தாறு ஆண்டுகளில் வெட்டத்தக்க அக்கேசியா மரங்கள் பரந்த தோட்டங்களாக நிற்கின்றன. அவற்றுக்காக மழைக்காடுகள் அழிந்த வரலாற்றையும் மறப்பதற்கில்லை. அவ்வழி நமக்கு வேண்டாம். நம் ஆலைகளோ சவுக்கையும் தைலமரத்தையும் சிறு விவசாயிகளிடம் வாங்க வேண்டியுள்ளது.

வேறு வழியைத் தமிழ்நாடே காட்டியிருக்கிறது. 1979இல் தோன்றிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்து காட்டியது. மணப்பாறையை அடுத்த மொண்டிப்பட்டியில் 2016இல் பூச்சு அட்டை ஆலையையும் தொடங்கியது.

வரி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. நாற்றங்காலுக்கு வேலி வேண்டும். ஆனால் வேலி மட்டும் விளைச்சல் ஆகாது. வரி போடுவதானால் காலவரையறையோடு போடட்டும். அந்தக் காலத்திற்குள் விவசாயிக்கு நல்ல கன்றும் நியாயமான விலையும், ஆலைக்குப் புதிய இயந்திரமும் கிடைக்கட்டும். அப்போது சிவகாசி நாட்காட்டியின் படம் மட்டுமன்றி, அதைத் தாங்கும் தாளும் நம்முடையதாகும்.