குலையில் கண்ட காயம் யார் கணக்கில்?

ஆலை மேடையில் செம்பனைக் குலைகள் கொட்டப்படுகின்றன. தரம் பார்ப்பவர் காயைப் பிரிக்கிறார், அழுகலைப் பிரிக்கிறார். நசுங்கித் தோலுரிந்து எண்ணெய் கசியும் பழத்தையும் குறித்துக்கொள்கிறார். குறிக்கட்டும். அந்தக் காயத்துக்கு வெட்டியவன்தான் பொறுப்பு என்று அங்கேயே தீர்ப்பெழுதி, அவன் கூலியில் கை வைக்க நினைப்பதைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

காயம் அற்ப விஷயமல்ல. செம்பனைப் பழத்தின் சதையிலேயே கொழுப்பைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. பழம் நசுங்கினால் அது எண்ணெயோடு கலந்து அமிலம் ஏறத் தொடங்குகிறது; ஆலையில் ஆவியில் வேகவைத்த பிறகே அது அடங்கும். கச்சா எண்ணெயில் அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டினால் மதிப்புக் குறையும். ஆகவே நிர்வாகத்தாரின் கவலையை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் குலையின் பயணத்தைப் பாருங்கள்! முற்றிய மரமென்றால் முப்பதடி உயரத்திலிருந்து இருபது கிலோ கனம் தரையில் விழுகிறது. நீண்ட கம்பில் அரிவாள் பிடித்தவன் அதைக் கையில் ஏந்த முடியுமா? பிறகு தள்ளுவண்டி, சாலையோரம், லாரியில் தூக்கிப் போடும் இயந்திரக் கை, மேடு பள்ளம், கடைசியில் ஆலை மேடையில் மறுபடியும் ஒரு விழுகை. லாரி வராமல் காத்துக் கிடந்த நேரம் வேறு. இத்தனை அடியில் எது யாருடையது?

ஆப்பிளில் தோலுக்கடியில் மறைந்த அடியைக்கூட அகச்சிவப்பு ஒளியால் கண்டுபிடிக்கும் கருவிகள் வந்துவிட்டன. செம்பனைக்கும் வரட்டும். எத்தனை கூரிய கருவியானாலும் காயம் இருப்பதைச் சொல்லுமே தவிர, அடித்த கையைக் காட்டாது.

பால் வெட்டிய நாளில், ஸ்டோரில் பால் நிறுக்கும்போது நாம் பக்கத்தில் நின்று பார்த்தோம். குலை வெட்டுபவருக்கு அதுவும் இல்லை; ஆலை எங்கோ, அவர் எங்கோ.

எனவே நாம் கேட்பது இதுதான்: லாரியில் ஏற்றுமுன் சாலையோரத்திலேயே, வெட்டியவர் முன்னிலையில் குலையைப் பார்த்துச் சீட்டெழுத வேண்டும். ஆலையில் மறுபடியும் பார்க்கட்டும். இடையில் கூடிய காயம் ஏற்றியவர், ஓட்டியவர் தலையிலும் விழக்கூடாது. வண்டியும் பாதையும் நிர்வாகத்தினுடையவை. 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அனுமதிக்காத எந்தக் கழிவையும் கூலியில் பிடிக்க முதலாளிக்கு உரிமையில்லை என்பதையும் நினைவூட்டுகிறோம்.

இன்று குலை வெட்டுவோரில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தோழர்கள் ஏராளம். அந்தச் சீட்டு அவர்கள் வாசிக்கக்கூடிய மொழியிலும் இருக்க வேண்டும்.