சுவரை உடைக்கும் முன் ஒரு கையெழுத்து

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்றுத் திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டுவோருக்குக் கள ஆய்வு இல்லாமல் உடனடி அனுமதி. அதிலிருந்து வீடு என்றாலே வேகத்தைப் பற்றித்தான் பேச்சு. இருபது, முப்பது ஆண்டு பழைய வீடுகளைத் தெருவுக்குத் தெரு உடைத்துத் திருத்துகிறார்களே, அதற்கு யார் பிளான் போடுகிறார்கள் என்று கேட்கத்தான் ஆளில்லை.

ஹாலையும் சமையலறையையும் ஒன்றாக்கி ஓபன் கிச்சன் வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்க்கிறார். “இது வெறும் தடுப்புதான் சார், எடுத்துடலாம்.” மறுநாள் சம்மட்டி இறங்குகிறது. பழைய வீடுகள் பலவற்றில் பில்லரும் கிடையாது, பீமும் கிடையாது; அந்த ஒன்பது அங்குலச் சுவர்தான் தளத்தைத் தாங்கி நிற்கிறது. பிறகு மேலே விரிசல் விடும். பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்து மூடிவிடுவார்கள்.

மாடியில் புதுச்சுவர் எழுப்புவதும் இதே கதைதான். பத்தடி நீளம், பத்தடி உயரம், ஒன்பது அங்குலக் கனமுள்ள செங்கல் சுவரின் எடை சுமார் 4 டன். வீட்டுத் தளத்துக்கு ஆட்கள், சாமான்கள் சுமையாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்றுதான் கணக்கு. பத்துக்குப் பத்து அறை முழுவதற்கும் 2 டன்கூட வராது. கீழே பீம் இருக்கிறதா என்று பார்க்காமல் அதைப்போல் இருமடங்கை ஒரே கோட்டில் ஏற்றுகிறோம். எந்த மேஸ்திரி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறார்?

2017 ஜூலையில் மும்பை காட்கோபரில், தரைத்தளத்தில் மாற்ற வேலை நடந்துகொண்டிருந்த குடியிருப்பு சரிந்து 17 பேர் செத்தார்கள். 2022 பிப்ரவரியில் குருகிராமில் ஆறாவது மாடி வீட்டில் தரையை மாற்றும்போது, அந்தத் தளம் கீழ்வீடுகளையும் இழுத்துக்கொண்டு இறங்கியது, இருவர் பலி. இன்னும் எத்தனை பேர் சாக வேண்டும்?

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் சுவரை இடிக்க முன் அனுமதி வேண்டும். வேலையைச் செய்பவர் கழகத்தின் பட்டியலில் உள்ள ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும். கட்டடத்தைத் தாங்கும் கான்கிரீட் சுவரில் கைவைக்கவே முடியாது. புது வீட்டுக் குளியலறையின் டைல்ஸை முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பெயர்க்கக் கூடாது. அடியிலுள்ள நீர்க்காப்புப் பூச்சு கெட்டு, கீழ்வீட்டில் ஒழுகும் என்பதற்காக. சுத்தியல் சத்தத்துக்குக்கூட நேரம் வகுத்திருக்கிறார்கள். நம் ஊரில் டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகுதான் கழிவுநீர்க் குழாய்க்கு வாட்டம் போதவில்லை என்று தெரியவரும். மறுபடி உடைப்பார்கள்.

முதலில் பிளான் போடச் சொன்னால், நடுத்தர வர்க்கத்துக்கு வடிவமைப்பாளர் கட்டணம் சுமை என்கிறார்கள். மாடுலர் கிச்சனுக்கு லட்சங்களைக் கொட்டுகிறவர்கள் சொல்லும் சாக்கு இது. பதில் சொல்லத் தேவையில்லை. உண்மையான ஓட்டை சட்டத்தில் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டம் அந்தப் பட்டத்தைத்தான் காக்கிறது, தொழிலை அல்ல என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. யாரும் கார்டு அடித்து டிசைனர் ஆகலாம்.

அரசு உடனே ஆணை பிறப்பிக்க வேண்டும். பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடம் இல்லாமல் எந்த வீட்டிலும் சுவரை எடுக்கவோ மாடி எழுப்பவோ கூடாது. அந்த வரைபடத்தைக் காட்டாதவருக்கு வங்கிகள் வீட்டுச் சீரமைப்புக் கடன் தரக் கூடாது. மீறி இடிப்பதைக் கிரிமினல் குற்றமாக்க வேண்டும்.